சொல்லைப் பிரித்தால் தோட்டத்தின் கதை

ஆங்கிலச் சொற்களை எப்படிப் பெருக்கிக்கொள்வது என்று பெற்றோரும் பிள்ளைகளும் எங்களைக் கேட்பதுண்டு. முன்னொட்டு, பின்னொட்டு இரண்டையும் பழகிக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் பதில். சொல்லின் தலையில் சேர்வது முன்னொட்டு. வாலில் சேர்வது பின்னொட்டு. பயிற்சிக் கல்லூரியில் இவற்றை எங்களுக்கு நீண்ட பட்டியலாகக் கொடுத்தார்கள். தேர்வு முடிந்த மறுவாரமே பாதி மறந்துபோயிற்று. பட்டியலை விட்டுவிட்டு, நம் தோட்டங்களில் புழங்கிய ஆங்கிலச் சொற்களையே இன்று எடுத்துப் பிரித்துப் பார்ப்போம். பேராக்கில் நம்மவர் பட்ட பாடு அந்தச் சொற்களுக்குள்ளேயே கிடக்கிறது.

முதலில் ‘ரப்பர்’. நம் முன்னோர் மலாய்ச் சொல்லைக் கொண்டு ‘கித்தா’ என்றார்கள். பால்மரம் என்றும் சொன்னார்கள். வெள்ளைக்காரர் மட்டும் ஏன் ‘ரப்பர்’ என்றார்கள்? 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர், பென்சில் கோட்டை அழிக்க ஏற்ற ஒரு பொருள் லண்டனில் விற்பனைக்கு வந்திருப்பதாகத் தம் நூலொன்றில் குறித்தார். தென்னமெரிக்கக் காட்டு மரத்தின் உறைந்த பால்தான் அது. ஆங்கிலத்தில் ‘ரப்’ என்றால் தேய்த்தல். அதன் வாலில் ‘அர்’ சேர்ந்தால் தேய்ப்பது, ‘ரப்பர்’. அந்தக் காலத்தில் டயரும் இல்லை, கையுறையும் இல்லை. பள்ளிப் பிள்ளையின் அழிப்பானுக்கு வைத்த பெயரே பிறகு ஒரு மரத்துக்கும், ஒரு தொழிலுக்கும், அந்தத் தொழிலுக்காகக் கடல் கடந்த பல லட்சம் பேரின் வாழ்வுக்கும் அடையாளமாகிவிட்டது.

இந்த ‘அர்’ என்னும் வால் தோட்டம் முழுவதும் இருந்தது. ‘பிளான்ட்’ என்றால் நடுதல். ‘பிளான்டர்’ நடுபவர், அதாவது நம் துரை. ‘டேப்’ என்றால் பால் இறக்குதல். ‘டேப்பர்’ மரம் வெட்டுபவர். ‘டிரஸ்ஸர்’ என்ற சொல்லைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள். உடை உடுத்துபவரா என்று கேட்பார்கள். ‘டிரஸ்’ என்பதற்குப் புண்ணுக்கு மருந்திட்டுக் கட்டுதல் என்றும் பொருள் உண்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டவர் டிரஸ்ஸர். சில சொற்களில் இதே வால் ‘ஆர்’ என்ற எழுத்துக்கு முன்னே வேறு உயிரெழுத்தைக் கொண்டு வரும். ‘கண்டக்டர்’ அத்தகையது. ‘கன்’ என்றால் கூட. ‘டக்ட்’ என்றால் நடத்து. ஆட்களைக் கூட்டி நடத்துபவர் அவர். பஸ்ஸில் டிக்கெட் கொடுத்தவருக்கும், காட்டைச் சுற்றி வேலை பார்த்த தோட்டத்துக் கண்டக்டருக்கும் பெயர் ஒன்றானது இதனால்தான்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலில் பகுபதத்துக்குப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகள் வகுத்தது பதின்மூன்றாம் நூற்றாண்டு வாக்கில். ‘கங்காணி’ என்ற சொல்லை எடுங்கள். கண்காணி என்பதன் பேச்சு வடிவம் அது. கண், காண், இ. கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பவர் என்பது பொருள். ஆங்கிலத்தின் ‘சூபர்வைசர்’ என்பதும் அப்படியே: ‘சூபர்’ மேல், ‘வைஸ்’ பார், ‘அர்’ செய்பவர். ஆனாலும் வெள்ளைக்காரர் தம் சொல்லைப் போடாமல் நம் சொல்லையே அறிக்கைகளில் எழுதினார்கள். ஊருக்குப் போய் ஆள் சேர்த்து, கப்பலேற்றி, தோட்டத்தில் வேலை வாங்கிய அந்த மனிதருக்கு ஈடான சொல் அவர்களிடம் இல்லை போலும்.

தமிழில் சொல்லை நீட்டும் வேலை பெரும்பாலும் வாலிலேயே நடக்கிறது. ‘அநீதி’ போன்று தலையில் ஒட்டி வருபவை பல வடமொழி வழி வந்தவை. நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் வாலை மட்டும் பார்த்துவிட்டுத் தலையைக் கோட்டை விடுகிறார்கள். மலாய் தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ‘தோரே’ என்றால் கீறுதல், ‘பெனோரே’ என்றால் மரம் வெட்டுபவர். ‘கெர்ஜா’ வேலை, ‘பெகெர்ஜா’ வேலையாள். ஆங்கிலம் வாலில் வைத்ததை மலாய் தலையில் வைத்திருக்கிறது. மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கிடைத்திருக்கிறது. உலகில் எத்தனை பிள்ளைகளுக்கு அது கிடைக்கிறது?

இனி ‘பிளான்டேஷன்’ என்ற சொல். ‘பிளான்ட்’ நடுதல், ‘ஏஷன்’ அச்செயலின் பெயர். ஆங்கிலத்தில் இதற்கு மரம் நடுவது மட்டும் பொருளாக இருக்கவில்லை. 1609 முதல் அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் ஆங்கிலேயரையும் ஸ்காட்லாந்துக்காரரையும் கொண்டுபோய்க் குடியேற்றியதற்கும் ‘பிளான்டேஷன்’ என்றே பெயர். வேற்று மண்ணில் மனிதரை நடுவதும் பிளான்டேஷன்தான்.

பேராக்கில் இரண்டும் நடந்தன. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். முளைத்த கன்றுகளில் 22 மறு ஆண்டு சிங்கப்பூர் வந்தன. அவற்றில் ஒன்பது, பேராக்கின் ரெசிடென்ட் ஹியூ லோ இருந்த கோலகங்சாரில் நடப்பட்டன. அந்தத் தொடக்க காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப்போய்க் காட்டுங்கள். அதன் அறிவியல் பெயர் ‘ஹெவியா பிரேசிலியென்சிஸ்’. ‘என்சிஸ்’ என்னும் லத்தீன் வாலுக்கு ‘இந்த இடத்தைச் சேர்ந்தது’ என்று பொருள். நூற்றைம்பது ஆண்டுகள் நெருங்கியும் பிறந்த ஊர் அதன் பெயரை விட்டுப் போகவில்லை. 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்து ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் இறக்கும் முறையைக் காட்டினார். பிறகு மோட்டார் வண்டிகள் பெருகின, காடுகள் அழிந்து தோட்டங்களாயின, ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆட்கள் முதலில் வந்தது ‘இன்டென்சர்’ என்ற ஒப்பந்தத்தின் கீழ். நம் வழக்கில் ‘சஞ்சி’. ‘ஜஞ்சி’ என்ற மலாய்ச் சொல்லின் திரிபு அது. சஞ்சிக்கூலி என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இன்டென்சர் என்ற சொல்லுக்கு உள்ளே ‘டென்ட்’ இருக்கிறது. லத்தீனில் அதற்குப் பல் என்று பொருள். பல் மருத்துவர் ‘டென்டிஸ்ட்’ ஆனதும் அதனால்தான். பழைய நாளில் ஒப்பந்தத்தை ஒரே தாளில் இரண்டு முறை எழுதி, நடுவே பல்பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்களாம். பின்னால் தகராறு வந்தால் இரண்டு பாதியையும் பொருத்திப் பார்க்கலாம். எழுதப் படிக்கத் தெரிந்த இருவருக்கு அது நல்ல ஏற்பாடு. கைநாட்டு வைத்தவருக்கு அந்தப் பாதித் தாளால் என்ன பயன்? மலாயாவில் இந்தச் சஞ்சி முறை 1910இல் முடிவுக்கு வந்தது. கங்காணி முறை அதன்பின்னும் நீடித்தது. 1938இல் இந்திய அரசாங்கம் தொழிலாளரை அனுப்புவதற்குத் தடை போட்டது.

இந்தக் காலத்துச் சொற்களில் எங்களுக்கு மிகவும் பிடித்த இணை ஒன்று உண்டு. ‘மைக்ரேட்’ என்றால் இடம் பெயர்தல். ‘எ’ என்ற முன்னொட்டு வெளியே, ‘எமிக்ரன்ட்’ வெளியேறுபவர். ‘இன்’ என்பது உள்ளே. ‘இம்மிக்ரன்ட்’ உள்ளே வருபவர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது எமிக்ரன்டாக இருந்த அதே மனிதர் பினாங்கில் இறங்கும்போது இம்மிக்ரன்ட் ஆகிவிடுவார். இந்தியாவில் 1922இல் வந்தது எமிகிரேஷன் சட்டம். மலாயாவில் 1907இல் ஏற்பட்டது தமிழர் இம்மிகிரேஷன் நிதி. ஒரே ஆளைப் பற்றிய இரண்டு ஏற்பாடுகள். அவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதை முன்னொட்டு சொல்லிவிடுகிறது.

‘இன்’ ஏன் ‘இம்’ ஆயிற்று என்று கேட்பீர்கள். மரம், கள் இரண்டும் சேரும்போது ‘மரங்கள்’ ஆகவில்லையா? அதே புணர்ச்சிதான். அடுத்து வரும் எழுத்துக்கு வாய் முன்கூட்டியே ஆயத்தமாகிறது. மலாயில் ‘பாச்சா’ படி, ‘மெம்பாச்சா’ படித்தல். ‘துலிஸ்’ எழுது, ‘மெனுலிஸ்’ எழுதுதல். ‘இல்லை’ என்னும் பொருளில் வரும் வேறோர் ‘இன்’ ஆங்கிலத்தில் உண்டு. அதுவும் இப்படியே ‘இம்பாசிபிள்’, ‘இல்லீகல்’, ‘இர்ரெகுலர்’ என்று உருமாறும். இயலாதது, சட்டத்துக்குப் புறம்பானது, ஒழுங்கற்றது என்று முறையே பொருள். நான்கு முன்னொட்டுகள் என்று எண்ணி மலைக்க வேண்டாம், ஒன்றுதான்.

இந்த இரண்டு ‘இன்’களையும் குழப்பிக்கொண்டால் ஆபத்தும் உண்டு. பெட்ரோல் பீப்பாயில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருந்தால், தீப்பற்றாது என்று பொருள் கொண்டுவிடாதீர்கள். சட்டெனத் தீப்பிடிக்கும் என்பதே பொருள். இது உள்ளே என்னும் ‘இன்’ வழி வந்தது. மக்கள் தவறாகப் படித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான் இப்போது பல இடங்களில் தலையை வெட்டிவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்று மட்டும் எழுதுகிறார்கள்.

‘ரீ’ என்ற முன்னொட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது நம் குடும்பங்களைச் சுற்றிச் சுற்றி அடித்திருக்கிறது. அதற்கு இரண்டு பொருள்: மறுபடியும் என்று ஒன்று, திரும்ப என்று மற்றொன்று. 1930களின் தொடக்கத்தில் உலகெங்கும் வாணிபம் படுத்து, கித்தா விலை விழுந்தபோது, வேலை இழந்த பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கு ஆங்கிலத்தில் ‘ரீபேட்ரியேஷன்’ என்று பெயர். ‘ரீ’ திரும்ப, ‘பேட்ரியா’ தந்தையர் நாடு, ‘ஏஷன்’ செயல். அப்பனுக்கு அது சரியான சொல்தான். லயத்து வீட்டில் பிறந்து, கடலையே கண்டிராத அவருடைய மகளுக்கு அந்த ‘ரீ’ எப்படிப் பொருந்தும்? போகாத ஊருக்கு அவள் எப்படித் திரும்புவாள்? அந்தக் குழந்தையின் கணக்கையும் சேர்த்து ஒரே சொல்லில் எழுதி முடித்துவிட்டார்கள்.

அடுத்த ‘ரீ’ 1948க்குப் பின் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கொல்லப்பட்டனர், அவசரகாலம் பிறந்தது. ‘எமர்ஜ்’ என்றால் திடீரெனத் தலைகாட்டுதல். ‘எமர்ஜென்சி’ திடீரென எழுந்த நிலை. திடீரென்று வந்த அது 1960 ஜூலை 31 வரை பன்னிரண்டு ஆண்டு நீடித்தது வேறு கதை. 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தின்படி ‘ரீசெட்டில்மென்ட்’ நடந்தது. காட்டோரக் குடிகளைப் புதுக் கிராமங்களில் குடியமர்த்தினார்கள். தோட்டங்களில் ‘ரீகுரூப்பிங்’. சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் கூட்டிச் சுற்றி முள்வேலி போட்டார்கள். வீட்டையும் காய்கறிக் கொல்லையையும் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்தச் சொற்களைத் தாளில் படித்ததில்லை. வேலிக்குள் நின்றுதான் கற்றார்கள்.

அதன்பின் ‘ரீபிளான்டிங்’, மறுநடவு. 1952இல் அதற்கென நிதியே ஏற்பட்டது. கிழட்டு மரத்தை வெட்டிவிட்டுப் புதிய இனத்தை நடுவது நாட்டுக்கு நல்லதுதான். கன்று வளர்ந்து பால் தர ஏழு ஆண்டு வரை ஆகலாம். அதுவரை அந்த நிரையில் வெட்டியவருக்கு வெட்ட மரம் இல்லை. பின்னர் பல இடங்களில் கித்தா இருந்த மண்ணில் கித்தா திரும்பவில்லை, செம்பனை வந்தது. அதையும் ரீபிளான்டிங் என்றே சொன்னார்கள். எங்கள் பள்ளியின் பெயரில் இன்னும் தோட்டத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் ஒரு கித்தா மரம் கிடையாது.

பள்ளி என்றதும் இன்னொரு ‘ரீ’ நினைவுக்கு வருகிறது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பலர் முதலில் ஓராண்டு ‘ரிமூவ்’ வகுப்பில் உட்கார்ந்தார்கள். ‘மூவ்’ நகர், ‘ரீ’ சேர்ந்தால் அகற்று. எங்களை எதற்காக அகற்றுகிறார்கள் என்று கேட்ட பிள்ளைகள் உண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளில் இடைப்பட்ட வகுப்புக்கு இருந்த பழைய பெயர் அது. மலாயில் ‘பெராலிஹான்’; ‘ஆலிஹ்’ என்றால் மாறுதல், அதற்குத் தலையும் வாலும் ஒட்டியிருக்கின்றன. தமிழில் புகுமுக வகுப்பு என்றார்கள். மூன்று பெயரில் தமிழ்ப் பெயரே பிள்ளையின் மனத்தை நோகடிக்காதது என்பது எங்கள் எண்ணம்.

இவை எல்லாவற்றையும்விடக் கடுமையானது ‘நான்’ என்ற முன்னொட்டு. ‘அல்லாத’ என்பது அதன் பொருள். ‘சிட்டிசன்’ குடிமகன், ‘நான்-சிட்டிசன்’ குடிமகன் அல்லாதவர். தமிழ்க் காதுக்கு இது ‘நான் குடிமகன்’ என்பது போலவே ஒலிக்கிறது. பொருளோ நேர் எதிர். 1957 ஆகஸ்டு 31இல் நாடு விடுதலை பெற்றது. அன்று முதல் இங்கே பிறந்த குழந்தைகளுக்கு அப்போதைய சட்டப்படி குடியுரிமை கிடைத்தது. முன்பே பிறந்தவர்களிலும் கடல் கடந்து வந்தவர்களிலும் பலர் விண்ணப்பம் செய்ய வேண்டியிருந்தது. பிறப்புப் பத்திரம் இல்லை, வந்த தேதி தெரியவில்லை, ஒரு நாள் கூலியை விட்டுப் பட்டணம் போக மனமில்லை, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. இப்படி எத்தனையோ பேர் சிவப்பு அடையாளக் கார்டோடு நின்றுவிட்டார்கள். குடிமக்களுக்கு நீலக் கார்டு. பத்துப் பன்னிரண்டு ஆண்டு ஒன்றும் தெரியவில்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 1969இல் அது நடைமுறைக்கு வந்தபோது, குடிமகன் அல்லாதவர் வேலை செய்ய அனுமதிப் பத்திரம் வேண்டும் என்றாயிற்று. முப்பது நாற்பது ஆண்டு அதே நிரையில் மரம் வெட்டியவர்களும் அதற்குள் அகப்பட்டார்கள். ‘ரஜூலா’ போன்ற கப்பல்களில் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போனவர்கள் பலர். கணவன் சிவப்பு, மனைவி நீலம் என்று பிரிந்த வீடுகள் இருந்தன. மூன்றெழுத்து முன்னொட்டு ஒன்று அடுப்பை இரண்டாக்கிவிட்டது.

‘சப்’ என்ற முன்னொட்டும் நமக்கு அறிமுகமானது ஒரு கெட்ட காலத்தில்தான். ‘சப்’ கீழே, ‘டிவிஷன்’ பிரிவு. ‘சப்டிவிஷன்’ என்றால் பிரித்ததை மேலும் பிரிப்பது. 1950களில் வெள்ளைக்காரர் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் துண்டு துண்டாக விற்றார்கள். நாம் அதைத் தோட்டத் துண்டாடல் என்றோம். பேராசிரியர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். நிலம் துண்டானபோது வேலையும் லயமும் பள்ளியும் போயின. அதற்கு எதிராக எழுந்த முயற்சியின் பெயரில் வேறொரு முன்னொட்டு இருந்தது. ‘கோ’ என்றால் சேர்ந்து, ‘ஆபரேட்’ செயல்படு, ‘கோ-ஆபரேடிவ்’ கூட்டுறவு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர் தம் கூலியிலிருந்து பங்கு கட்டித் தோட்டம் வாங்கினார்கள்.

கடைசியாக, நம் கையில் அடிக்கடி வரும் இரண்டு சொற்கள். ‘எம்ப்ளாயர்’, ‘எம்ப்ளாயீ’. ‘எம்ப்ளாய்’ வேலைக்கு வை. ‘அர்’ என்னும் வால் செய்பவரைக் குறிக்கும். ‘ஈ’ என்னும் வால் செய்கை யார்மேல் விழுகிறதோ அவரைக் குறிக்கும். தமிழில் முதலாளி, தொழிலாளி என்கிறோம். பாருங்கள், தமிழில் தலை வேறு, வால் இருவருக்கும் ஒன்று, இருவரும் ‘ஆளி’. ஆங்கிலத்தில் தலை ஒன்று, வால்தான் வேறு. எழுதும்போது கடைசி ஓரெழுத்தே மாறுகிறது. 1951இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதியின் தாளில் இருவர் கட்டும் தொகையும் தனித்தனியே அச்சாகும். ‘எம்ப்ளாயர்’ என்ற இடத்தில் தொகை இல்லையென்றால் முதலாளி கட்டவில்லை என்று பொருள். வாலைப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அதை உடனே சொல்லிவிடும்.

எல்லாச் சொல்லையும் வெட்டிப் பார்க்கலாம் என்று புறப்பட்டுவிடக் கூடாது. ‘அங்கிள்’ என்பதில் ‘அன்’ இல்லை. ‘வாட்டர்’ என்பதில் ‘அர்’ வால் இல்லை. வெட்டிய பிறகு எஞ்சும் துண்டு தனியாகவோ வேறு சொல்லிலோ பொருள் தருகிறதா என்று பாருங்கள். ஐயம் வந்தால் அகராதியைப் புரட்டுங்கள்.

அடுத்த பேச்சில் ‘அன்’, ‘டிஸ்’, ‘ஓவர்’, ‘அண்டர்’ என்ற நான்கையும் எடுத்துக்கொள்வோம். அதற்கு முன் வீட்டிலுள்ள சம்பளச் சீட்டு, மருந்துப் புட்டி, களைக்கொல்லி டின் இவற்றின் மேல் இந்த நான்கில் எது எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கச் சொல்லுங்கள்.